ஒட்டியிருந்த இடம்

அப்பாவின் மாருதி 800ஐ விற்றுவிடலாம் என்று அம்மா சொன்னபோது நான் மறுத்துப் பேசவில்லை. 1999 மாடல். சொந்த உபயோகக் காருக்கு முதல் 15 வருடம் முடிந்ததும் ஒருமுறை, அதற்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 2014லும் 2019லும் அப்பா புதுப்பித்தார். 2024ல் தேதி வந்தபோது அப்பா இல்லை.

வாங்க வந்தவர் பின்தெருக்காரர். மகளுக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒரு பழைய வண்டி தேடிக்கொண்டிருந்தார். இன்ஜினைக் கேட்டார், டயரை மிதித்துப் பார்த்தார், விலையில் அதிகம் பேசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “இந்த ஸ்டிக்கரெல்லாம் எடுத்துக் குடுத்துருங்க தம்பி. இன்னொருத்தர் பேரப் போட்டுக்கிட்டு எப்படி ஓட்டறது?”

நியாயமான கேள்வி. ஒரு மதியத்தில் முடிகிற வேலை என்று நினைத்தேன். ஒன்பது நாள் ஆனது.

ஸ்டிக்கர் என்று சொன்னாலும் அந்தக் காரில் இருந்தவை பல வகை. கதவுகளின் இடுப்பில் கறுப்பு பீடிங். அதற்கு மேலே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் இரட்டைக் கோடு, வெள்ளி நிறம். பெட்ரோல் மூடியில் ஒரு சின்ன மயில். டிக்கியில் நடுவில் ஒரு நட்சத்திரம், அதற்கு வலப்பக்கம் என் பெயர், மூன்றெழுத்து. நட்சத்திரத்துக்கு இடப்பக்கம் ஒன்றுமில்லை. அங்கே ஒரு காலத்தில் அக்காவின் பெயர் இருந்தது.

எல்லாமே அப்பா கையால் வெட்டி ஒட்டியவை. அவருடைய தொழிலே அதுதான். அதாவது, அது அவருடைய இரண்டாவது தொழில்.

முதல் தொழில் எழுத்து. கரூரில் பஸ்களுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் அதிகம். லாரி மாதிரி வெறும் சேஸிஸாக வந்து நிற்கும் வண்டி, சில வாரங்களில் ஜன்னலும் சீட்டும் பெயருமாகப் பஸ்ஸாகி வெளியே போகும். கடைசியில் பெயர் எழுதுகிற ஆள் அப்பா. நூலில் சாக்பீஸ் தூளைத் தடவி, இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டால் தகரத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழும். நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வது எங்கள் இருவரில் யாராவது ஒருவருடைய வேலை. இடது கையில் கம்பை அண்டக் கொடுத்து, அதன்மேல் வலது கையை வைத்து அவர் எழுதுவார். பிரஷ்ஷை எடுத்தபிறகு பேசமாட்டார்.

2000த்துக்குப் பிறகு கம்ப்யூட்டரும் ப்ளாட்டரும் வந்தன. ஒரு நாள் முழுக்க எழுதுகிற பெயரை ப்ளாட்டர் சில நிமிடத்தில் வெட்டித் தள்ளியது. அப்பா அதிகம் புலம்பவில்லை. ஒரு ஸ்டிக்கர் கடையில் ஒட்டுகிற ஆளாகச் சேர்ந்தார். தேவையில்லாத பகுதியை ஊசியால் கிள்ளி எடுத்துவிட்டு, மேலே டேப் போட்டு எழுத்துகளை அப்படியே தூக்கி, சோப்புத்தண்ணீர் தெளித்த தகரத்தில் வைத்து, ஸ்கேலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளி ஒட்ட வேண்டும். ஒரு குமிழிகூட இருக்காது. ‘ரேடியம் கட்டிங்’ என்று போர்டு போட்ட கடை அது. ரேடியம் என்பது நம் ஊர்ப் பெயர்தான். இருட்டில் ஒளிர வைக்க ஒரு காலத்தில் கடிகார முட்களில் நிஜமான ரேடியத்தைத் தடவினார்கள்; அந்தப் பெயர் எப்படியோ மின்னுகிற ஸ்டிக்கருக்கு வந்துவிட்டது. ஸ்டிக்கரில் இருப்பவை பொடிப்பொடியான கண்ணாடி மணிகள். தானாக ஒளிராது. எதிரில் வருகிற வண்டியின் வெளிச்சத்தை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்பும்.

2006ல் இந்த செகண்ட் ஹேண்ட் மாருதியை வாங்கினார். நல்ல ரத்தச் சிவப்பு. அக்கா அப்போது பத்தாவது, நான் எட்டாவது. எங்கள் பெயர்களை ப்ளாட்டரில் போட அவர் சம்மதிக்கவில்லை. மேஜைக் கண்ணாடிமேல் வெள்ளை வினைலை விரித்து, பென்சிலால் வரைந்து, பிளேடால் வெட்டினார். அக்கா பெயரின் கடைசி எழுத்து ‘ழி’. அந்தக் கடைசிச் சுழியும் மேலே வளைகிற கொம்பும் ஒரே மூச்சில் வர வேண்டும் என்று மூன்று முறை வெட்டித் தூக்கிப்போட்டார். நான்காவது சரியாக வந்தது. “பாப்பா பேர்லதான் ழ இருக்குது. உன்ற பேர்ல ஒண்ணுமேயில்ல, வெட்டறதுக்கு சுலுவு” என்றார் என்னிடம். இதற்காக ஒரு வாரம் அக்காவோடு சண்டை போட்டிருக்கிறேன்.

2012 ஏப்ரலில் கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மே மாதம் ஊரெல்லாம் போலீஸ் நிறுத்தி அபராதம் போட்டார்கள். அப்பா வேலை பார்த்த கடைக்கு அதுபோல ஒரு மாதம் முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. வரிசையாகக் கார்கள். தாங்கள் ஒட்டிய ஃபிலிமையே காசு வாங்கிக்கொண்டு உரித்தார்கள். ஆள் போதாமல் லீவில் இருந்த எங்கள் இருவரையும் அப்பா கூட்டிக்கொண்டு போனார். நான் நகத்தால் பிய்ப்பேன். அது விரல்நீளத் துண்டுகளாகக் கிழிந்து வரும், பசை கண்ணாடியிலேயே நின்றுவிடும். அக்கா சோப்புத்தண்ணீர் அடித்து, வெயிலில் நிறுத்தி, ஒரு மூலையை மட்டும் தூக்கி, அங்குலம் அங்குலமாக இழுப்பாள். முழுக் கண்ணாடியும் ஒரே தாளாக வரும். எனக்கு எரிச்சலாக இருக்கும். அப்பா என் கையைத் தட்டிவிட்டுச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “கோவமா இருக்கறப்ப ஸ்டிக்கர் மேல கைய வெக்காத சாமி. அது கிழிஞ்சுதான் வரும்.”

2015 ஆவணியில் அக்கா வீட்டைவிட்டுப் போனாள். வேறு சாதிப் பையன், கல்லூரியில் கூடப் படித்தவர். பதிவுத் திருமணம். இந்தக் கதை நம் ஊர்களில் எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் யாரும் அரிவாளைத் தூக்கவில்லை, அதுவே பெரிய விஷயம் என்று சொந்தக்காரர்கள் பின்னால் பேசிக்கொண்டார்கள். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதுவும் என்னிடம். “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

தெரியும். ஒரு மாதம் முன்பே அக்கா சொல்லியிருந்தாள். “தெரியாதுங்ப்பா” என்றேன்.

அன்றைக்கு மறுநாள் ராத்திரி அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் கொதிக்கிற சத்தம். அம்மாவுக்குத் தூக்கம் வராமல் காபி போடுகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன். வாசல் கதவு திறந்தது. வெகுநேரம் மூடவில்லை. காலையில் டிக்கியில் நட்சத்திரமும் என் பெயரும் மட்டும் இருந்தன.

ஒன்பது வருடம் அந்தக் காரில் போய்வந்தேன். நட்சத்திரத்துக்கு ஒரு பக்கம் மட்டும் பெயர் இருப்பதைப் பார்த்து “ஏன் இப்படி ஓரமா ஒட்டியிருக்கீங்க?” என்று புதிதாகப் பார்க்கிற யாராவது கேட்பார்கள். நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். என் பெயர் அங்கே மிச்சமிருந்ததற்குக் காரணம் அந்த ஒரு பொய்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதல் நாள் நான் செய்ததெல்லாம் தப்பு. பிளேடும் தின்னரும் எடுத்துக்கொண்டு இரட்டைக் கோட்டில் ஆரம்பித்தேன். வினைல் முட்டை ஓடு மாதிரி பொடிப்பொடியாக வந்தது. ஒரு சாணுக்கு அரைமணி நேரம். பிளேடு இரண்டு இடத்தில் வழுக்கி, சிவப்புக்குள் மெல்லிய வெள்ளைக் கீறல் போட்டது. தின்னர் துணியில் பெயின்ட்டும் சேர்ந்து வந்தது.

அப்பாவோடு பட்டறையில் இருந்த பெயிண்டர் அண்ணன் சாயங்காலம் வந்து பார்த்தார். “ஏந்தம்பி, உங்கப்பன் இதப் பார்த்தா எந்திரிச்சு வந்துருவாப்ல” என்றார். பிறகு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்.

அவர் சொன்னதையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். வினைல் என்பது பி.வி.சி. தண்ணீர்க் குழாயும் அதுதான், ஸ்டிக்கரும் அதுதான். அதன் சொந்தக் குணம் விறைப்பு. வளைய வைக்க ஒரு எண்ணெய் மாதிரியான பொருளைக் கலக்கிறார்கள். 1926ல் அமெரிக்காவில் குட்ரிச் கம்பெனியில் வால்டோ சீமன் என்பவர் ரப்பரை உலோகத்தோடு ஒட்டுகிற பசையைத் தேடிக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கண்டுபிடித்தது இந்த வளைகிற பி.வி.சி. பசையைத் தேடப்போய் ஸ்டிக்கர் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த மென்மை கடன் வாங்கியதுதான். வெயிலில் வருடக்கணக்காக நிற்கும்போது உள்ளே கலந்த பொருள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். வினைல் சுருங்கி, வெடித்து, மறுபடி குழாய் மாதிரி விறைத்துவிடும். பதினெட்டு வருடக் கோடு பொடியாக வந்தது அதனால்தான்.

பசை வேறு கதை. அது காய்ந்து ஒட்டுகிற பசை இல்லை. காயவே காயாது. திடமும் இல்லாமல் திரவமும் இல்லாமல் நடுவில் நிற்கும். அழுத்தினால் தகரத்தின் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களுக்குள் மெதுவாக ஓடிப் பிடித்துக்கொள்ளும். வேகமாக இழுத்தால் திடப்பொருள் மாதிரி முறைத்துக்கொள்ளும். மெதுவாக இழுத்தால் திரவம் மாதிரி வழிவிடும். சூடு காட்டினால் இன்னும் இளகும். அப்பா சொன்ன கோப விஷயத்தில் இருப்பது அனுபவம் மட்டுமல்ல, பொருளின் குணமும்தான்.

“சூடு காட்டு, ஆனா கை வெக்கற சூடுதான். கொதிக்கற மாதிரி காட்டுனா பெயின்ட்டு பொரிஞ்சுரும்,” என்றார் அண்ணன். “மூலையத் தூக்குனதும் மேல இழுக்காத. படுக்க வெச்சுப் பின்னால இழு.”

பக்கத்து வீட்டில் ஹேர் டிரையர் வாங்கினேன். பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்றைத் துணியில் சுற்றிப் பிளேடுக்குப் பதில் வைத்துக்கொண்டேன். சூடு, தூக்கு, இழு. சூடு, தூக்கு, இழு. கோடு முழுதாக வரவில்லை, ஆனால் பொடி நின்று உள்ளங்கை நீளத் துண்டுகள் வந்தன. மிஞ்சிய பசையில் மண்ணெண்ணெயை நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் போட்டுவைத்துத் துடைத்தேன். ரேஷன் மண்ணெண்ணெய் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அப்பா எதற்கோ எடுத்துவைத்திருந்த கால் பாட்டில் உதவியது. அது தீர்ந்த பிறகு நீலகிரித் தைலம். மூன்று நாள் வீடே ஜலதோஷம் பிடித்த வீடு மாதிரி மணந்தது.

பீடிங்குக்கு சூடு மட்டும் போதவில்லை. உள்ளே இரட்டைப் பக்க ஃபோம் டேப். தூண்டில் நரம்பை அதற்குப் பின்னால் நுழைத்து, இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து ரம்பம் மாதிரி இழுத்து அறுக்க வேண்டும். பீடிங் விழுந்ததும் உள்ளே ஒரு கோடு நிறைய செம்மண். எந்தெந்த ஊர் மண்ணோ. பின்கதவில்லாத வண்டி என்பதால் எப்போதும் முன்சீட்டை மடக்கி அக்கா முதலில் ஏறுவாள் என்று சட்டென்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, மாருதி 800க்கு நான்கு கதவு. சீட்டை மடக்கி ஏறியது மாமாவின் வேனில். ஒன்பது வருடத்தில் நினைவுகள் இப்படி இடம் மாறி ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

கடைசியாக டிக்கி. ஏழாம் நாள். அதற்குள் எனக்குக் கை பழகியிருந்தது. என் பெயரின் மூன்றெழுத்துக்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். அப்படியும் இரண்டாவது எழுத்தின் ஓரத்தில் கார்டு பட்டு ஒரு கீறல். நட்சத்திரம் ஐந்து துண்டாக வந்தது. பசையைத் துடைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, தள்ளி நின்று பார்த்தேன்.

டிக்கியில் மூன்று சிவப்பு இருந்தது.

பதினெட்டு வருடமாக வெயில் பட்ட இடம் வெளிறி, சுண்ணாம்பு கலந்த மாதிரி ரோஸ் ஆகியிருந்தது. என் பெயர் இருந்த இடம் வாங்கிய நாளில் இருந்த ரத்தச் சிவப்பு. நட்சத்திரத்துக்கு இடப்பக்கம், இரண்டுக்கும் நடுவில் ஒரு சிவப்பு. ஒன்பது வருடம் மூடியிருந்து ஒன்பது வருடம் திறந்து கிடந்த நிறம். நான்கு எழுத்தும் படிக்கும்படி இருந்தது. ‘ழி’யின் கொம்புகூட. இத்தனை காலம் அது கண்ணில் படாததற்கு ஒரு காரணம், பக்கத்தில் என் பெயர் வெள்ளையாக நின்றது. இன்னொன்று, 2015க்குப் பிறகு அப்பா காரை ரிவர்ஸில் கொண்டுவந்து டிக்கியை மதில் சுவரோடு ஒட்டி நிறுத்துவார். தெருவில் போகிறவர் கண்ணில் படக்கூடாது என்றுதான் செய்திருப்பார். சுவரின் நிழலில் அந்த எழுத்துகள் சீக்கிரம் வெளுக்காமல் நின்றுவிட்டன.

குனிந்து பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். விரல்நுனியால் தடவினேன். நான்கு எழுத்திலும் ஒரு கீறல் இல்லை. என் பெயரில், நான் அவ்வளவு கவனமாக எடுத்தும், கீறல் இருக்கிறது. அவள் பெயரில் இல்லை. பசை மிஞ்சியிருந்தால் அதில் தூசி ஒட்டி எழுத்தின் ஓரம் கறுத்திருக்கும். அதுவும் இல்லை. அப்போதுதான் அந்த ராத்திரிக் கொதிதண்ணீர் எதற்கு என்று புரிந்தது. வெந்நீரில் துணி நனைத்து, எழுத்தின்மேல் போட்டு, இளகக் காத்திருந்து, ஓரெழுத்து ஓரெழுத்தாக எடுத்திருக்கிறார். அவர் கையிலும் ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். அதன்பிறகு பசையைத் துடைத்திருக்கிறார். நாங்களெல்லாம் அப்பா ஆத்திரத்தில் சுரண்டி எறிந்தார் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தோம். அம்மாவும் அக்காவிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

எனக்கு அழுகை வந்தது. அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். அப்பா இறந்த அன்று வந்து, தெருமுனையில் நின்று, சொந்தக்காரர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, எடுப்பதற்கு முன்பே திரும்பிப் போனவள். அதற்குப் பிறகு இது மூன்றாவதோ நான்காவதோ பேச்சு. போனை டிக்கியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். “ஒரு கீறல்கூட இல்லக்கா. கோவமா இருந்தா கிழிஞ்சுதான் வரும்னு அவருதானே சொல்வாரு. அவரு கோவத்துல எடுக்கல.”

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘ழி’யைக் கிட்டத்தில் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

“அப்ப கோவமே இல்லாமத்தான் எடுத்திருக்காரு,” என்றாள். “கோவத்துல சுரண்டியிருந்தா, என்னைக்காவது ஆறியிருக்கும்னு நெனைச்சுக்குவேன். நிதானமா உக்காந்து, ஒவ்வொரு எழுத்தா எடுத்திருக்காருன்னா… எனக்கு அதான்டா இன்னும் கஷ்டமா இருக்குது.”

நான் கண்டுபிடித்துக் கொண்டுபோன ஆறுதல் அவளிடம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அவள் சொல்வது தப்பென்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. தகரம் என்ன சொல்லும்? எடுத்தவர் கை நல்ல கை என்று சொல்லும். அந்த நேரத்தில் அவர் மனதில் என்ன இருந்தது என்று சொல்லாது.

வேறெதுவும் தோன்றாமல், ஒன்பது வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். “அப்பா என்னைக் கேட்டாருக்கா. உனக்குத் தெரியுமான்னு. தெரியாதுன்னு சொல்லிட்டேன்.”

“தெரியும். அம்மா அப்பவே சொல்லுச்சு.”

“நீ கேக்கவே இல்லயே.”

“நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.” பிறகு, “நீயும் ஆமான்னு சொல்லியிருந்தா உன் பேரும் போயிருக்கும். அவ்வளவுதானே,” என்றாள். அது மன்னிப்பா, குத்தலா என்று அவள் குரலில் எனக்குப் பிடிபடவில்லை. உள்ளே குக்கர் விசில் அடித்தது. அவள் பையன் ஏதோ கேட்டான். வைக்கும் முன் சொன்னாள்: “அதத் தேய்ச்சு விட்டுரு. வாங்கறவங்களுக்கு எதுக்கு எங்க பேரு.”

‘எங்க பேரு’ என்றாள். என் பேரு என்று சொல்லவில்லை.

கடைசி இரண்டு நாள் ரப்பிங் காம்பவுண்ட். எழுத்தை எப்படி அழிப்பது, டிக்கிக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடிக்கவேண்டியிருக்குமா என்று அண்ணனிடம் கேட்டேன். “எழுத்த நீ தொடவே வேணாம் தம்பி. சுத்தித் தேயி,” என்றார். ரோஸாக வெளுத்திருப்பது பெயின்ட்டின் மேல்தோல்தான். வெயிலில் செத்துப்போன பூ மாதிரியான படலம். அதைத் தேய்த்து எடுத்தால் அடியில் பழைய சிவப்பு அப்படியே இருக்கும் என்றார். ஈரத்துணியில் காம்பவுண்டைத் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். துணி சிவந்துகொண்டே வந்தது. ரோஸ் விலக விலக, சுற்றியிருந்த தகரம் முதலில் அவள் பெயரின் நிறத்துக்கு வந்தது. அவள் பெயர் கரைந்தது. பிறகு இன்னும் தேய்க்க, எல்லாமாகச் சேர்ந்து என் பெயரின் நிறத்துக்கு வந்தது. ஒன்பதாம் நாள் மத்தியானம் டிக்கி முழுக்க ஒரே சிவப்பு. இரண்டாவது எழுத்தின் ஓரத்தில் நான் போட்ட கீறல் மட்டும் நின்றது.

வாங்க வந்தவர் மகளையும் கூட்டி வந்திருந்தார். அந்தப் பெண் காரைச் சுற்றிவந்து, “புதுசு மாதிரி இருக்குதுப்பா,” என்றாள். அந்தக் கீறலைக் காட்டி, “இது ஸ்டிக்கர் எடுக்கறப்ப ஆனதுங்க,” என்று நானே சொன்னேன். “அது ஒண்ணுமில்லீங்” என்றார் அவர்.

அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். இரண்டு முறை வண்டி அணைந்தது. மூன்றாவது முறை கிளம்பியது. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக டிக்கி தெருப்பக்கம் திரும்பியிருந்தது. அம்மா வாசலில் நின்று திருப்பம் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மண்ணெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக் குலுக்கிப் பார்த்து, “எல்லாத்தையும் தீத்துப்போட்டயா?” என்று கேட்டாள்.